வரிசையில் வைத்த வார்த்தைகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் கைபேசி ஒலித்தது. தெரியாத எண்களை நான் எடுப்பதில்லை. அன்று ஏனோ எடுத்தேன். ஓர் ஆங்கிலப் பெண்மணி மிகப் பணிவான குரலில், நான் இன்னாரின் தகப்பன்தானா என்று கேட்டார். மகள் பேசவிருந்த தொழில்நுட்பக் கருத்தரங்கை நடத்துபவர்களில் அவர் ஒருவர். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று மகள் என்னைத்தான் குறித்துக் கொடுத்திருந்தாளாம். பதினொரு மணிக்கு உரை, மண்டபம் நிறைந்திருக்கிறது, பேச்சாளர் வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அவள் அங்கேதான் நிற்கிறாள், நன்றாகப் பாருங்கள்" என்றேன். ஏனென்றால் தென் இலண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் சமையலறை மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. கவுன்சில் வேலையை வீட்டிலிருந்தே செய்யும் நாள் அது. ஒரு பக்கத்தில் அலுவலகக் கோப்பு, மறுபக்கத்தில் மகளின் வலைப்பதிவு. சரியாகப் பதினொரு மணிக்கு அதில் புதிய பதிவு வந்திருந்தது. மேடையேறப் போகிறேன், கைகள் குளிர்ந்துபோயிருக்கின்றன, வாழ்த்துங்கள் என்று எழுதியிருந்தாள். நானும் மனதுக்குள் வாழ்த்திவிட்டுத்தான் இருந்தேன். அந்தப் பெண்மணி, "நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசுகிறேன். இங்கே யாரும் இல்லை" என்றார்.

மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கோயிலில் யாராவது கேட்டால், "கம்பியூட்டர் வேலை" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் விளக்க வெளிக்கிட்டால் பூசை முடிந்துவிடும். அவள் யாருக்கும் கீழே வேலை செய்வதில்லை. புதிதாக வரும் கைபேசிகள், ஒலிபெருக்கிகள், வீட்டுக்குள் பூட்டும் கமராக்கள், குரல் கேட்டு எரியும் விளக்குகள் எல்லாவற்றையும் வாங்கிப் பிரித்துப் பாவித்துப் பார்த்து எழுதுவாள். அந்த எழுத்தைத் தேடி உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வருவதால் விளம்பரம் வரும். விளம்பரம் வருவதால் அவளுக்குச் சோறு வரும். நான் விளங்கிக்கொண்ட அளவு இவ்வளவுதான்.

இதன் தொடக்கம் என் கைபேசி. அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நான் வைத்திருந்த மலிவுக் கைபேசியில் தமிழ் எழுத்துகள் வராது. ஊரிலிருந்து தம்பி எழுதும் செய்தி வெறும் சதுரப் பெட்டிகளாகத் தெரியும். அவளுக்கு அது பிடிபடாத அதிசயமாக இருந்தது. எந்தக் கைபேசியில் தமிழ் ஒழுங்காகத் தெரியும், எதில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும் என்று கிழக்கு இலண்டன் அப்டன் பார்க்கில் கடை கடையாக ஏறிப் பார்த்து, படம் எடுத்து, ஒரு வலைப்பதிவில் போடத் தொடங்கினாள். அவளுக்கு வந்த முதல் விளம்பரம் இலங்கைக்குப் பேசும் தொலைபேசி அட்டை விற்ற கடைக்காரருடையது. அவர் காசு தரவில்லை, ஒரு கட்டு அட்டைகளைத் தந்தார். அந்த அட்டைகள் முடியும்வரை என் மனைவி தன் சகோதரிகளோடு கதைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அது பெரிதாகி, அவளை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனது. விளம்பரம் தருகிறவர்களோடு அவள் கதைப்பதைக் கேட்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். பொருளைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்காமல் எதற்கும் இடம் கொடுக்க மாட்டாள். "அப்பா, என்ட சைட்ல போட்டா சனம் வாங்கும். பேந்து அது வெடிச்சா என்னையெல்லோ திட்டும்" என்பாள். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வார விளம்பரதாரருக்கு நன்றி சொல்லி ஒரு பதிவு வரும். கருத்தரங்குகளுக்காக ஒரு மாதம் லிஸ்பன், ஒரு மாதம் கலிபோர்னியா. போன இடத்தில் இலவசமாகக் கொடுக்கும் சட்டைகளை என்னிடம் தள்ளிவிடுவாள். நான் புல்லு வெட்டும்போது அணிவதெல்லாம் அவைதான். பாதிக் கம்பனிகள் இப்போது இல்லை, சட்டைகள் மட்டும் கிழியாமல் இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே அவள் பக்க வேலை என்று சொல்லும் சின்னச் சின்ன ஆக்கங்களும் உண்டு. குரோய்டன் ட்ராம் சொன்ன நேரத்துக்கு வருமா என்று முன்கூட்டியே சொல்லும் நிரல் அதில் ஒன்று. அதை நான் இன்றும் பாவிக்கிறேன்.

இவ்வளவையும் ஒருத்தி எப்படிச் செய்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன். "நான் செய்யிறேல்ல அப்பா, வரிசையில வச்சிட்டுப் போறன்" என்றாள். வாய்க்கும் நேரத்தில் பல நாட்களுக்கான பதிவுகளை எழுதி, எது எந்த நாளில் எந்த நேரத்தில் வெளிவர வேண்டும் என்று குறித்துவிடுவாளாம். அவள் விமானத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்போது இங்கே பதிவு வரும். வாசிக்கிறவர்கள் அவள் அப்போதுதான் எழுதினாள் என்று நினைப்பார்கள். இந்த உத்தியை நான் வெகுவாக மெச்சினேன். அது எனக்கும் பொருந்தும் என்று நினைக்கவில்லை.

நான் பயந்த ஆள். அதை மறைத்து என்ன பயன்? வெளியே போனவர் திரும்பி வருவாரா என்று வாசலில் காது வைத்துக்கொண்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்தக் காதை விமானத்தில் என்னோடு கொண்டுவந்துவிட்டேன். மகள் அப்டன் பார்க்கில் தனியாகக் குடிபோனபோது நான் கேட்டது ஒன்றுதான், நாளுக்கு ஒரு தடவை ஒரு சொல் அனுப்பு என்று. முதலில் அவள் அழைத்துப் பேசினாள், பிறகு செய்தியாக அனுப்பினாள். சில நாள் மறப்பாள், நான் அழைத்துக் குரல் உயர்த்துவேன், அவளும் உயர்த்துவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கருவி ஒன்றைச் சோதிக்கிறவள் போல என்னைப் பார்த்து, "அப்பா, என்ட மெசேஜ் வராட்டில் உங்களுக்கு எத்தனை மணிக்குப் பயம் தொடங்கும்?" என்று கேட்டாள். யோசித்து, "மத்தியானம் ரெண்டு மணிக்கு" என்றேன். அதன்பின் ஒரு நாளும் தவறியதில்லை. சாப்பிட்டாயிற்றா, நான் நலம், இன்றைக்கு மழை, கொஞ்சம் பிஸி என்று, இரண்டு மணிக்கு முன்னர், ஒரு நாள் வந்த நேரத்தில் மறுநாள் வராமல், இயல்பாக வந்துகொண்டிருந்தது. பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மனைவி கனடாவில், தன் தங்கை வீட்டில் இருந்தாள். ரயிலில் விக்டோரியாவுக்குப் போய், அங்கிருந்து நிலக்கீழ் ரயிலில் அப்டன் பார்க் போகும் வழியெல்லாம் மகளை அழைத்துக்கொண்டே போனேன். மணி அடித்து அடித்து நின்றது. இடையில் மனைவியிடமிருந்து செய்தி: பிள்ளையின் பேச்சு எப்படி நடந்தது? நான் இரண்டு கையாலும் கைபேசியைப் பிடித்து, 'நல்லா நடந்தது' என்று எழுதி அனுப்பினேன்.

மகள் இருப்பது ஒரு சேலைக்கடைக்கு மேலே. கடையை நடத்துகிறவர் எங்கள் ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர், எல்லோருக்கும் அக்கா. மேலே போய்க் கதவைத் தட்டிப் பயனில்லாமல் கீழே இறங்கி வந்தபோது அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் சேலை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ அண்ணை, என்ன இந்தப் பக்கம்? மகள் மேலதான் நிக்கிறா."

"கண்டனீங்களோ?"

"கண்டாத்தானோ? நேற்றுப் பின்னேரம் லைட் எரிஞ்சு பேந்து நூந்தது. இண்டைக்குக் காலமை ரேடியோவில செய்தி போச்சு. இந்த வயசில செய்தி கேக்கிற ஒரே பிள்ளை இவதான் எண்டு என்ர மனுசனுக்குச் சொல்லிச் சிரிச்சனான்."

"தட்டினன், திறக்கேல்ல."

"காதுக்க எதையாவது செருகிக்கொண்டு இருப்பா. இந்தாங்கோ, மகள் என்னட்டத் தந்து வச்ச திறப்பு. போய் அந்தக் காதைப் பிடிச்சு முறுக்குங்கோ."

கதவைத் திறந்தபோது ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டில் ஒழுங்காக விரித்திருந்தது. குளியலறையில் பல் துலக்கும் தூரிகை இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் பால் இல்லை, ஒரு பொதி தயிர் மட்டும். மகளைக் கூப்பிட்டேன், பதிலுக்கு மேசை விளக்கு எரிந்தது. என் நடமாட்டத்தை உணர்ந்து எரிந்திருக்கிறது. சுவர்த் தட்டில் தீப்பெட்டி அளவான மின்சுற்றுப் பலகைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சின்ன விளக்கு. ஒவ்வொன்றின் மேலும் அவளுடைய கையெழுத்தில் ஒட்டிய துண்டு. 'லைட்.' 'ரேடியோ.' 'ஜன்னல் சீலை.' கடைசியில் இருந்ததில் 'அப்பா' என்று இருந்தது.

எனக்குத் தருவதற்கு ஏதோ செய்கிறாள் போலும் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்திலும் ஆவல் விடவில்லை. ட்ராமுக்குப் பிறகு இப்போது பஸ்ஸாக இருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். அப்போது 'அப்பா' என்ற பலகையில் பச்சை விளக்கு மூன்று நான்கு தரம் துடித்தது. என் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது.

'அப்பா சாப்பிட்டியளோ? நான் ஓகே. இண்டைக்குக் கொஞ்சம் பிஸி.'

நான் அங்கிருந்த மரக்கதிரையில் இருந்துவிட்டேன். இதை எழுதும்போதும் மத்தியானம் இரண்டு மணியை நெருங்கினால் என் கை கைபேசிக்குப் போகிறது. அந்தச் செய்திக்கு நான் 'எங்கே நிற்கிறாய்?' என்று எழுதிப் பார்த்தேன். பலகையின் விளக்கு துடிக்கவில்லை. விளக்கு, ரேடியோ, மேடையேறப் போகிறேன் என்ற பதிவு, கீழே அக்கா கேட்ட செய்தி, நான் இத்தனை நாள் சாப்பிடுமுன் எதிர்பார்த்த இந்த ஒரு வரி, எல்லாமே ஒரே குடும்பம் என்று அப்போதுதான் விளங்கியது. அவள் இல்லாத வீட்டில் எல்லாம் அவள் இருப்பதுபோல் நடந்துகொண்டிருந்தது.

பொலிசுக்கு அழைத்தேன். எடுத்த இளைஞன் அமைதியாக ஒவ்வொன்றாகக் கேட்டான். வயது, உயரம், மருந்து ஏதும் எடுக்கிறாரா. பிறகு மிகச் சாதாரணமான ஒரு கேள்வி: "கடைசியாக எப்போது மகளிடமிருந்து தகவல் வந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் என்று சொன்னால் அழைப்பை முடித்துவிடுவான். அது அவளில்லை என்று சொன்னால், அப்படியென்றால் எது அவள் என்று கேட்பான். நேற்று வந்த வரி? முந்தாநாள் வந்தது? போன மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டிருந்தபோது வந்தது? "பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். பிள்ளையைத் தேடுகிற தகப்பன் சொல்லக்கூடிய பதிலா அது? அவன் எரிச்சல்படவில்லை. விபரங்களைப் பதிந்துவிட்டான், ஆளனுப்புவதாகச் சொன்னான்.

இதற்குள் அக்கா தேத்தண்ணியோடு மேலே வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் பகிடியெல்லாம் போய்விட்டது. நான் பலகையைக் காட்டிச் சொன்னேன். அவர் குனிந்து துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"அப்ப நேற்று எரிஞ்ச லைட்டும்?"

"ஓம்."

"ஐயோ, நான் அதை நம்பியெல்லோ சமைச்சுச் சாப்பிட்டுப் படுத்தனான்" என்றார். பிறகு கோப்பையை என் கையில் திணித்து, "குடியுங்கோ அண்ணை. பொலிஸ் வந்தா நான் கதைக்கிறன். உங்கட இங்கிலிஸ் இப்ப நடுங்குது" என்று சொல்லி, ரேடியோவின் வயரைப் பிடுங்கிவிட்டு, கடையைப் பார்க்கக் கீழே போனார்.

முன்கூட்டி எழுத முடியாதது எது? அந்த அமைதியில் எனக்கு ஓடியது அந்தக் கேள்விதான். பதிவை எழுதி வைக்கலாம், நன்றியை எழுதி வைக்கலாம், மகளின் சுகச் செய்தியையும் எழுதி வைக்கலாம். இன்னொருவர் என்ன கேட்பார் என்று தெரியாமல் அவருக்குப் பதில் எழுதி வைக்க முடியாது. என் கைபேசியில் அவளுடைய வலைப்பதிவைத் திறந்து, பதிவுகளை விட்டுவிட்டு, அவற்றின் கீழே வாசகர்கள் கேட்டவற்றையும் அவள் சொன்னவற்றையும் மட்டும் வாசித்தேன். இத்தனை வருடமாக நான் அந்தப் பகுதிக்குள் இறங்கிப் பார்த்ததில்லை. அங்கேதான் என் மகள் இருந்தாள். மேலே கண்ணியமான ஆங்கிலத்தில் எழுதுகிறவள், கீழே அவசரம் அவசரமாக, எழுத்துப் பிழையோடு, ஒருவரை நக்கலடித்து, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு, காது கேளாத தாய்க்கு எந்த மணி நல்லது என்று கேட்டவருக்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதியிருந்தாள். நேற்றும் இன்றும் எவருக்கும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்று இருந்தது. யாரோ ஒருவர் தன் பூட்டைப் பற்றிக் கேட்டதற்கு, 'நாளைக்கு என்னால் எழுத முடியாது. புதன்கிழமை மறக்காமல் ஞாபகப்படுத்துங்கள், பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதியிருந்தாள்.

அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. ஞாயிறு மாலை வரை அவள் அவளாக இருந்தாள். திங்களில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. புதனுக்குத் திரும்பி வருவதாக இருந்தாள். பொலிசை மறுபடி அழைத்து, "ஞாயிறு மாலை" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு கணம் தைரியம் வந்தது. உடனேயே, ஞாயிறுக்குப் பிறகு எவ்வளவு நேரம் போய்விட்டது என்று கணக்குப் பார்த்து அதுவும் போனது.

பொலிஸ் ஆள் இன்னும் வந்து சேரவில்லை. ஐந்து மணிக்குக் கருத்தரங்கின் பெண்மணி மறுபடி அழைத்தார். குரலில் நிம்மதி. "இப்போதுதான் உங்கள் மகளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உடல்நிலை காரணமாக வர முடியவில்லையாம், உரையைப் பதிவு செய்து கூடவே அனுப்பியிருக்கிறார். அவர் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி." நான் நன்றி சொன்னேன். அந்த நிம்மதி எனக்கு ஒட்டவில்லை. காலையில் நான் அவருக்குச் சொன்ன ஆறுதலை இப்போது அவர் எனக்குத் திருப்பித் தருகிறார். அந்த மின்னஞ்சலும் எப்போதோ எழுதி வைத்ததுதான். ஏன் இவ்வளவு பிந்தி வந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது: கலிபோர்னியாக் கருத்தரங்கிலிருந்து வந்தபின் அவளுடைய மடிக்கணினியின் கடிகாரத்தை இலண்டனுக்குத் திருப்ப மறந்திருக்கிறாள். காலை ஒன்பதுக்கு என்று குறித்த கடிதம் கலிபோர்னியாவின் ஒன்பதுக்காகக் காத்திருந்து, இங்கே பின்னேரம் ஐந்துக்குப் புறப்பட்டது. மேடையேறும் பதிவை மட்டும், நான் வாசிப்பேன் என்று, வரிசையிலேயே விட்டிருந்தாள். அது மட்டும் நேரத்துக்குப் போயிருந்தால் எனக்கு எவரும் அழைத்திருக்க மாட்டார்கள். நான் மத்தியானச் செய்தியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

'உடல்நிலை காரணமாக.' அந்தச் சொல் மட்டும் புதிது. அதைப் பிடித்துக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் அழைப்பது என்று தெரியாமல் நின்றபோது வாசல் பூட்டுக்குள் திறப்பு நுழையும் சத்தம் கேட்டது. எல்லாம் தானாக நடக்கிற வீடு, நான் நம்பவில்லை. கதவு திறந்தது. சென்னையிலிருந்து வந்து இங்கே ஒரு வங்கியில் கணினி வேலை செய்கிற பெண், கருத்தரங்குகளுக்குப் போகும் ஊர்களில் மகளோடு விடுதி அறை பகிர்கிறவள், போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டவள், கையில் மகளின் திறப்போடும் ஒரு வெற்றுப் பையோடும் நின்றாள். என்னைக் கண்டதும் பை கீழே விழுந்தது.

"அங்கிள்! நீங்க எப்படி இங்க?"

"எங்க அவள்?"

"ஆஸ்பத்திரில. இருக்கா அங்கிள், நல்லா இருக்கா. முதல்ல அதைச் சொல்லிடறேன். வயித்துல ஒரு கட்டி. ஆபரேஷனுக்கு ரொம்ப நாளா காத்துட்டிருந்தா, திடீர்னு இந்தத் திங்கக்கிழமை இடம் இருக்குன்னு கூப்பிட்டாங்க. சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பறோம்னாங்க. ஆனா ரத்தம் நிக்கல. இன்னிக்குக் காலையில திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டு போயிட்டாங்க. நான் வெளிய உக்காந்துட்டு இருந்தேன்."

"கட்டி..."

"சாதாரணக் கட்டிதான்னு டாக்டர் சொல்லிட்டார். பயப்பட ஒண்ணும் இல்ல. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா, அங்கிள். ஆன்ட்டியும் ஊர்ல இல்ல, அப்பா தனியா இருந்து பயந்தே செத்துடுவாருன்னா. காலையிலேருந்து உங்க வீட்டு நம்பரை எடுத்து எடுத்து வெச்சேன்."

அன்று முழுவதும் எல்லாமே என்னிடம் 'நலம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. நான், "நீ கண்டனியோ? உன்ர கண்ணால கண்டனியோ?" என்று கேட்டேன்.

"ஆமா அங்கிள். அரை மணி முன்னாடி. கண்ணு முழிச்சதும் தண்ணி கேட்டா. நர்ஸ் இப்பக் குடுக்கக் கூடாதுன்னாங்க. 'உங்க ஆஸ்பத்திரிக்கு ரெண்டு ஸ்டார்தான் குடுப்பேன்'னு அந்த நிலைமையிலயும் சொல்றா."

அவள் பையை எடுத்து, அலுமாரியிலிருந்து மகளின் உடுப்புகளை அள்ளிப் போட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களக் கூட்டிட்டுப் போய் நிறுத்தினா என்னைக் கொன்னுடுவா. கொல்லட்டும். ஷூ போடுங்க அங்கிள், டாக்ஸி வெளிய நிக்குது."